காந்திமதியின் பதினேழாவது புகார்

வாழைக்காய் பஜ்ஜியைக் காந்திமதி எடுத்த எடுப்பில் வாயில் வைக்க மாட்டாள். முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். பிறகு விரலால் ஓர் அழுத்து அழுத்தி, கசிந்து வரும் எண்ணெயைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பாள். பிசுபிசுத்தால் போச்சு. கடைக்காரரை நிமிர்ந்து பார்த்து, "இன்னாண்ணா இது, நேத்து எண்ணெயா, முந்தாநேத்து எண்ணெயா?" என்பாள். கேள்வியில் கோபம் இருக்காது. நோயாளியிடம் "காலைல ஏதாவது சாப்ட்டீங்களா?" என்று விசாரிக்கிற அதே குரல்தான். பதில் சரியில்லையென்றால் பஜ்ஜி தட்டுக்குத் திரும்பிவிடும், கைப்பையிலிருந்து போன் வெளியே வந்துவிடும்.

சேலையூர் கேம்ப் ரோட்டுத் தள்ளுவண்டிக்காரர்களுக்கு அவளுடைய வெளிர்நீலக் கோட்டு அரைக் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். "மச்சான், ரத்தம் எடுக்குற அக்கா வந்துகினு கீது, பேப்பர உள்ள வை" என்று ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குத் தகவல் போகும். அச்சடித்த காகிதம் உள்ளே போய் வாழையிலைத் துண்டு வெளியே வரும். ஸ்கூட்டர் திருப்பம் தாண்டியதும் காகிதம் தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த நாடகம் அவளுக்குத் தெரியாததல்ல. "நான் நிக்கிற அஞ்சு நிமிஷமாவது நாலு பேர் எலையில துன்னட்டுமே" என்பாள்.

ஐம்பத்தொரு வயது. கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது வேலை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று சுற்றி ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு வீடு முடித்துவிடுவாள். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் கையில் நரம்பைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஈடு அந்தப் பக்கத்தில் இல்லை. குத்துவதற்கு முன் பேரனைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள். பெரியவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிடுவாள்.

ஊசியைவிட அவள் மதிப்பது குழாயின் மேல் ஒட்டும் சீட்டை. பெயர், வயது, மணி. கட்டிலின் பக்கத்தில் நின்றபடியே எழுதி ஒட்டிவிட்டுத்தான் அந்த அறையை விட்டு நகர்வாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம், "பேஷண்ட் எதிர்லயே எழுதணும். வாசப்படி தாண்டி வந்து எழுதினா அது லேபிள் இல்லம்மா, ஜோசியம்" என்று சொல்வாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போனதில்லை.

எந்தத் தெருவில் மஞ்சள்காமாலை ஆரம்பித்திருக்கிறது, எந்த அடுக்ககத்தில் மூன்று பிள்ளைகளுக்கு டைபாய்டு என்பதெல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் போகும். முடிவுத் தாளைக் கொடுக்கப் போகும்போது, "வெளிய எங்க சாப்ட்டீங்க?" என்று சும்மா கேட்டு வைப்பாள். மூன்று வீட்டில் ஒரே கடையின் பெயர் வந்தால் நான்காவது நாள் காந்திமதி அந்தக் கடையில் தோசை கேட்டு நிற்பாள். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு படம், இரண்டு வரி, நிற்கிற இடத்தின் லொகேஷன், அவ்வளவுதான் புகார். தள்ளுவண்டிகளுக்கு ஏது பெயர்ப்பலகை, ஏது கதவிலக்கம்? லொகேஷன்தான் முகவரி. அப்படிப் பதினாறு புகார்கள் போயிருந்தன. ஒரு பேக்கரியில் காலாவதியான கிரீமை அள்ளிக் கொட்ட வைத்தாள். ஒரு ஜூஸ் கடைக்காரர் ஐஸ் வாங்கும் இடத்தை மாற்றினார்.

"தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வந்தால் கணவர் பக்தவச்சலத்திடம் உரக்கப் படித்துக் காட்டுவாள். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சாது. கல்யாணப் பந்திகளில் மட்டும் மனைவியை விட்டு இரண்டு வரிசை தள்ளி உட்காருவார். பாயசத்தைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இந்தக் கலர் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று அவள் பரிமாறுகிறவரிடம் கேட்கும்போது, தனக்கும் அந்த அம்மாளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவள் மோந்து பார்க்காமல் சாப்பிட்ட இடம் ஒன்றே ஒன்று. சேலையூரில் ஒரு குறுக்குத் தெருவில், நீலக் கதவு போட்ட வீட்டின் முன்னறையில் அக்தர் பேகம் நடத்தும் காலை டிபன் கடை. இரண்டு பிளாஸ்டிக் மேஜை, ஆறு முக்காலி. இடியாப்பம், ஆப்பம், தேங்காய்ப்பால், வெள்ளிக்கிழமை மட்டும் ஆட்டுக்கால் பாயா. அக்தர் பேகம் காந்திமதியைவிட நாலைந்து வயது மூத்தவள். கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறெதுவும் டம்ளரில் ஊற்ற மாட்டாள். இடியாப்பத் தட்டுகளுக்குப் போடும் துணியைத் தினமும் வெந்நீரில் அலசி மாடியில் உலர்த்துவாள். முதல் நாள் காந்திமதி வழக்கம்போல அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தபோது, "உள்ள வந்தே பாத்துடு கண்ணு, கழுத்து சுளுக்கிக்கப் போவுது" என்றாளாம். அன்றிலிருந்து ஆறு வருடம், வேலை முடித்து ஒன்பது மணிக்கு அங்கேதான் காலைச் சாப்பாடு. தெருவே 'சிஸ்டர்' என்று கூப்பிட, அவள் மட்டும் 'காந்தி' என்பாள்.

போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறரைக்கு, பெரிய ரோட்டில் சிக்கன் பக்கோடா வண்டிக்குக் கீழே ஒரு வாளியைக் காந்திமதி பார்த்தாள். முந்தின ராத்திரி மசாலா தடவி மிஞ்சிய கோழிக்கறி, செக்கச் செவேலென்று, மூடியில்லாமல் இருந்தது. விளிம்பில் ஒரு காக்கை. அதைத்தான் சாயங்காலம் பொரித்துப் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஒரு படம் எடுத்தாள். நின்று நிதானமாகப் புகார் எழுத நேரமில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வேண்டிய ஒரு பெரியவர், காபி கிடைக்காத ஆத்திரத்தில் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு அக்தர் பேகத்தின் கடையில் கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோதுதான் படம் ஞாபகத்துக்கு வந்தது. "நேற்றைய சிக்கன். மூடவில்லை. காக்கை உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கடைதான். உடனே வந்து பாருங்கள்" என்று தட்டினாள். பதினாறு முறை செய்து பழகிய விரல், லொகேஷனையும் தானாக அழுத்தியது. கடைக்கு எதிரே நின்று அனுப்பியே பழகியவளுக்கு, இப்போது வேறொரு கடைக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைக்கவில்லை. பசி வேறு. அனுப்பிவிட்டு மூன்று இடியாப்பம் சாப்பிட்டாள். அன்றைக்குத் தேங்காய்ப்பால் ரொம்ப நன்றாக இருந்தது என்று இப்போதும் சொல்வாள். சொல்லும்போதே முகம் சுருங்கிவிடும்.

இரண்டு நாள் உடம்பு சரியில்லாமல் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மாடம்பாக்கத்தில் ஒரு பாட்டியின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் ஒலித்தது. நடவடிக்கை எடுக்கப்பட்டது என்ற வரியைக் கண்டதும் வழக்கமான சந்தோஷம். கீழே ஒரு படம். வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நீலக் கதவு. அதன் அருகே, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி, எங்கே பார்ப்பதென்று தெரியாத முகத்துடன் அக்தர் பேகம்.

"என்னம்மா, குத்தலியா?" என்று பாட்டி கேட்டாள். பட்டை கட்டிய கை சிவந்துபோய்க் காத்திருந்தது. எல்லாச் சீட்டையும் வாசல் தாண்டாமல் எழுதியவள், இந்த ஒரு சீட்டை மட்டும் இரண்டரை மணி நேரம் கழித்து, வேறொருத்தி வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

வந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சிக்கனைத் தேடினார்கள், அது இல்லை. சமையலறை சுத்தமாக இருக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டபோது அக்தர் பேகத்திடம் அது இல்லை. வீட்டில் சமைத்துப் போடுவதற்குச் சான்றிதழ் வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஆறு வருடம் அங்கே சாப்பிட்ட காந்திமதி, வேறு கடைகளில் சுவரைப் பார்த்துச் சான்றிதழைத் தேடுகிறவள், இங்கே சுவரையே பார்த்ததில்லை. பதிவு வாங்கும் வரை கடையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

காந்திமதி அன்றே அந்த அலுவலருக்குப் போன் போட்டாள். "சார், நான் அனுப்பினது வேற கடை சார். லொகேஷன் தப்பாப் போயிடுச்சு."

"சரிம்மா, அந்தக் கடைக்குப் புதுசா ஒண்ணு அனுப்புங்க, பாக்குறோம். ஆனா இந்தம்மாவும் பதிவு இல்லாம நடத்தக் கூடாது இல்லியா? நீங்களே பல தடவ எங்களுக்கு எழுதியிருக்கீங்களே."

எழுதித்தான் இருந்தாள். 'சான்றிதழ் இல்லாத கடைகளை எப்படி விட்டு வைக்கிறீர்கள்?' என்று ஒன்பதாவது புகாரிலோ பத்தாவது புகாரிலோ கேட்டது அவளுக்கே நினைவிருந்தது. "ஆமா சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தெருவுக்குச் சான்றிதழ் கதையெல்லாம் எதற்கு? அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், சிக்கன் எங்கே என்று கேட்டார்கள், கடை மூடிவிட்டது. இது போதாதா? சாயங்காலத்துக்குள் கெட்டுப்போன கறி பிடிபட்டதாம் என்றார்கள். மறுநாள் பாயாவில் புழு இருந்ததாம் என்று ஆனது. சனிக்கிழமை காலை காந்திமதி ரத்தம் எடுக்கப் போன ஒரு வீட்டில், "அந்த பாய் வீட்டு டிபனா? நல்லவேள, நாங்க அங்க வாங்கறதே இல்ல" என்றாள் ஒரு பெண். வெள்ளிக்கிழமைதோறும் தூக்குவாளியோடு பாயாவுக்கு வரிசையில் நின்றவள் அவள். காந்திமதிக்கு அந்த வாளியின் நிறம் உட்படத் தெரியும்.

அந்த மத்தியானம் அக்தர் பேகத்தைப் பார்க்கப் போனாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். உள்ளே நுழைந்ததும் அக்தர் பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வா காந்தி, உன்னத்தான் நெனச்சிகினு இருந்தேன். நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் தெரியும். எனக்கு இன்னா பண்றதுன்னே புரியல" என்று அழுதாள். வாய்வரை வந்தது உள்ளே போய்விட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது.

சொல்வதற்குப் பதிலாக வேலை செய்தாள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பம் போட்டாள். ஆதாரில் ஒரு எழுத்தும் ரேஷன் அட்டையில் ஒரு எழுத்துமாக இருந்த பெயரைத் திருத்த மூன்று முறை அலைந்தாள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். சமைக்கிறவருக்கு மருத்துவச் சான்று வேண்டும் என்றதும், ரத்தம் எடுக்கத் தானே பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள்.

கையை நீட்டியபடி அக்தர் பேகம், "யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும் காந்தி" என்றாள்.

காந்திமதி நரம்பைத் தடவிக்கொண்டிருந்த விரலை எடுக்கவில்லை. "யாருக்கா?"

"தோ, பக்கத்து வூட்டு ஜீவிதாதான். டிபனுக்கு வர்றவங்க அவ கேட்டாண்ட வண்டி நிறுத்துறாங்கன்னு எத்தினி தடவ பேஜார் பண்ணா? கார்ப்பரேசனுக்கு எழுதிப் போட்ருவேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னாளே. நேத்து வாசல்ல வச்சி கேட்டுட்டேன். வயித்துல அடிச்சிட்டியேடின்னு. நான் இல்லக்கா, நான் இல்லக்கான்னு அழுவுறா. அழுதா ஆச்சா? அல்லா பாத்துக்குவான்."

ஊசி முதல் குத்தில் நரம்பைத் தவறவிட்டது. இன்னொரு இடத்தில் குத்தினாள். "உனக்கே தப்பிப் போச்சா?" என்று அக்தர் பேகம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் காந்திமதியால் தாங்க முடியவில்லை. குழாயில் பெயர் எழுதினாள். வயது எழுதினாள். மணியைத் தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினாள். ஜீவிதா மாமியாருக்குத் தினமும் அங்கேதான் ஆப்பம் வாங்குவாள். இப்போது அந்த வீட்டு கேட் சாத்தியே கிடந்தது.

சிக்கன் வண்டியையும் காந்திமதி விடவில்லை. ஒரு காலையில் வண்டிக்கு ஓரடி எதிரே நின்று, பெட்டிக்கடையும் மின்கம்பமும் தெரிகிற மாதிரிப் படமெடுத்து அனுப்பினாள். அதிகாரிகள் வந்து வாளியைக் கவிழ்த்து பினாயில் ஊற்றினார்கள், அபராதம் போட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் வண்டியைச் சுற்றிப் பழைய கூட்டம். "இன்னாக்கா, நம்மளயே போட்டுக் குடுத்துட்டியே!" என்று வண்டிக்காரன் சிரித்தபடி கேட்டான். கோழி இப்போது மூடிபோட்ட டப்பாவில் இருந்தது, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் அவன் கூட்டம் அவனிடம் திரும்பி வந்துவிட்டது. அதை நினைக்கும்போது காந்திமதிக்கு நெஞ்சு எரிந்தது. அதற்குப் பிறகு அவள் எந்தக் கடையையும் படமெடுக்கவில்லை. பஜ்ஜி பிசுபிசுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுகிறாள்.

சான்றிதழ் ஐந்து வாரத்தில் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில் அக்தர் பேகம் மாட்டினாள். வெள்ளிக்கிழமை பார்த்துக் கடையைத் திறந்தாள். பழைய கணக்கில் நூறு இடியாப்பம் பிழிந்தாள், பாயா ஒரு பெரிய தேக்சா நிறைய. ஒன்பது மணிக்குக் காந்திமதி போனபோது முக்காலிகள் காலியாக இருந்தன. காலையிலிருந்து மூன்று பேர் வந்தார்களாம், மூவரும் வெளியூர்க்காரக் கொத்தனார்கள்.

அவளுக்குத் தட்டு வந்தது. நான்கு இடியாப்பம், தேங்காய்ப்பால். மறுக்க முடியாமல் அத்தனையும் சாப்பிட்டாள். அக்தர் பேகம் எதிரே உட்கார்ந்து, சாத்தியிருந்த பக்கத்து வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டே, "இப்போ நிம்மதியாத் தூங்குவா, பாரு" என்றாள்.

"அக்கா, ஜீவிதா இல்ல" என்றாள் காந்திமதி. "நான்தான்."

அக்தர் பேகத்துக்குப் புரியவில்லை. காந்திமதி எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, காக்கை, போன் செய்த பெரியவர், இதே மேஜை, லொகேஷன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சின்னத் தவறாகத் தெரிகிறது என்பதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எப்போ தெரிஞ்சிச்சி?"

"மூணாம் நாளே தெரியும்க்கா."

"எனக்கு ரத்தம் எடுக்க சொல்லவே தெரியுமா?"

"தெரியும்."

அக்தர் பேகம் மேஜை மேல் இல்லாத ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். "தப்பு யாருக்கும் வரும். அத்த விடுங்க சிஸ்டர்" என்றாள். "அந்தப் பொண்ண நடுத்தெருவுல நிக்க வச்சிக் கேட்டேன். அத்த உங்ககிட்ட சொன்னப்போ நீங்க கேட்டுகினு இருந்தீங்க."

ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் 'நீங்க' என்றாள். திட்டியிருந்தால் காந்திமதிக்கு எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

அக்தர் பேகம் எழுந்தாள். ஒரு தட்டில் ஆப்பம் நான்கு வைத்து, கிண்ணத்தில் பாலை ஊற்றி, மேலே துணி போட்டு மூடினாள். பக்கத்து வீட்டு கேட்டுக்குப் போய் "ஜீவிதா" என்று கூப்பிட்டாள். கதவு திறக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது முறையும் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து கேட் ஒரு சாண் திறந்தது. என்ன பேசினார்கள் என்பது கேட்கவில்லை. திரும்பி வரும்போது அக்தர் பேகத்தின் கையில் தட்டு இல்லை.

அதற்குள் காந்திமதி தன் முக்காலியைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில் போட்டிருந்தாள். வெளிர்நீலக் கோட்டோடு, ரத்தப் பெட்டியைக் காலடியில் வைத்து, காலித் தட்டை மடியில் பிடித்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் முகம் தெரிய உட்கார்ந்திருந்தாள். பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்து அவளையும் தட்டையும் பார்த்தார். தூக்குவாளிக்காரப் பெண் எதிர்ச் சாரியில் போனாள், தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது. யாரும் நிற்கவில்லை.

"அக்கா, இன்னும் ரெண்டு இடியாப்பம் வைங்க! பாயாவும் ஊத்துங்க!" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற குரலில் காந்திமதி கத்தினாள்.

சற்று நேரம் கழித்து அக்தர் பேகம் வந்து, முகத்தைப் பார்க்காமல் இரண்டை வைத்து, பாயாவை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஏற்கெனவே தொண்டை வரை நிரம்பியிருந்தது. காந்திமதி தெருவைப் பார்த்தபடி ஒரு வாய் பிட்டு, பாயாவில் தோய்த்து, எல்லோரும் பார்க்கும்படி மெதுவாக மென்றாள்.